வலியின் நான்கெல்லை

வருவாய்த் துறையில் என் உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதி, ஒரு இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவதில் கழிந்தது. கல்வராயன் மலையில் ஒரு கிராமத்தின் எல்லை பற்றி மேலிடத்துக்கு அறிக்கை போகிறதென்றால், அதன் வரைவு என் மேஜையைத் தொடாமல் போகாது. 'டுவர்ட்ஸ்' என்றால் அந்தத் திசையில் போகிறது, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததாக அர்த்தமில்லை. 'அப் டு' என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. 'அக்ராஸ்' என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே கடந்தாயிற்று. 'ஆல் ஓவர்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இதையே சொல்லிச் சொல்லி ஆபீசில் இருந்த கொஞ்ச நல்ல பெயரையும் கெடுத்துக்கொண்டேன். நான் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

இந்த அறிவு அதன்பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை. பேரக்குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே என்று மகனிடம் கேட்டேன். அதற்கு ஆப் இருக்கிறது என்றான்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி பூசைக்குக் கிளம்பவில்லை. மழை, காய்ச்சல் எதற்கும் கோயிலை விடாதவள். கட்டில் ஓரத்தில் இடது கையால் விலாவை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"வாய்வுங்க. முந்தாநேத்துலேர்ந்து குத்திக்கினே இருக்குது."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. அவளுடைய அண்ணனும் வாய்வு என்றுதான் சொன்னார். ஒரு சோடா வாங்கிக் குடித்தார். எங்கள் ஊர் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெரு கார்க்காரருக்குப் போன் செய்வதற்குள், பெங்களூரிலிருக்கும் மகன் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அவளிடம் பேசிவிட்டிருந்தான். அவன் கம்பெனி ஏற்பாட்டில் இருதய டாக்டர் ஒருவரை வீடியோவில் பிடிக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் தட்டி அவருக்கு அனுப்பி, அதன் நகலைத் தகவலுக்காக எனக்கும் அனுப்பியிருந்தான். வலி மார்பு முழுவதும் 'ஆல் ஓவர்' பரவியிருக்கிறது. 'அக்ராஸ் தி செஸ்ட்' போகிறது. இடது கை வரை, 'அப் டு', எட்டிவிட்டது.

இரண்டு முறை படித்தேன். இதைப் பார்க்கும் எந்த டாக்டரும் வேறு முடிவுக்கு வர முடியாது. அவரும் வரவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே ஈசிஜி எடுங்கள், அங்கிருந்தே என்னிடம் பேசுங்கள், ரத்தக்குழாயில் அடைப்புப் பார்க்க பெங்களூருக்குக் கொண்டுவரத் தயாராக இருங்கள் என்று பதில் வந்திருந்தது. மகன் ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கள்ளக்குறிச்சி போகும் வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையின் நடுவே தேர் போல அசைந்து போய்க்கொண்டிருந்தன. கார்க்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஸ்தல ஆய்வு.

எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். முதுகில், என்றாள். முன்னால் இல்லையா? முன்னால் வந்து சேருகிறது, ஆரம்பிப்பது முதுகில்தான். எந்த வழியாக? அவள் விரலை முதுகெலும்பின் இடது ஓரத்தில் வைத்து, விலாவை ஒட்டியே முன்பக்கம் கொண்டுவந்து, நெஞ்சின் நடுவுக்குச் சற்று முன்னால் நிறுத்தினாள்.

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அங்க வந்து நின்னுக்குது."

"வலது பக்கம்?"

"அங்க ஒண்ணுமே இல்லீங்க. கோடு போட்ட மாதிரி இந்தாண்டதான்."

கைக்கு எப்போது போனது என்று கேட்டேன். கைக்கு எங்கே போனது, கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றுதானே பையனிடம் சொன்னேன், அக்குள் பக்கமாகப் போகிறது என்றேன், என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நடந்தால் ஜாஸ்தியாகிறதா என்றேன். நடந்தால் இல்லை, புடவை உரசினால்தான் ஜாஸ்தி என்றாள். நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாங்க, இத்தினி கேக்குறீங்களே. வலிக்குப் பட்டா குடுக்கப் போறீங்களா?"

கார்க்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு டிராக்டரை முந்தினார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஈசிஜி பரவாயில்லை, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். போன் வீடியோவில் இருதய டாக்டர் வந்தார். அதே அழைப்பில் மகனும் இருந்தான். மகன் மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். மறுபடியும் பரவுகிறது, மறுபடியும் 'ஆல் ஓவர்'. நான் குறுக்கிட்டேன். முன்னர் அனுப்பப்பட்ட விவரத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது, டாக்டர், என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே பழைய ஆபீஸ் குரலாகக் கேட்டது.

"ப்பா, இப்பவா? இப்பப் போயி இங்கிலீஷ் கிளாஸ் எடுக்காதப்பா" என்றான் மகன். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் நிறுத்தவில்லை. வலி முதுகெலும்பின் இடது ஓரத்தில் தொடங்குகிறது. விலா எலும்பை ஒட்டி முன்னோக்கிச் செல்கிறது. கையை நோக்கி, 'டுவர்ட்ஸ்'. 'அப் டு' அல்ல, கையில் வலி இல்லை. நெஞ்சின் நடுக்கோட்டை எட்டும் முன்பே நின்றுவிடுகிறது. 'ஸ்டாப்ஸ் ஷார்ட் ஆஃப்' என்றேன். 'அக்ராஸ்' என்பது தவறு. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

டாக்டர், ஒருமுறைகூடக் கடக்கவில்லையா என்று கேட்டார். ஒருமுறைகூட இல்லை என்றேன். துணி பட்டால் எப்படி என்று கேட்டார். அதைச் சொல்ல மறந்திருந்தேன்; சொன்னேன். உடனே அவர் என்னை விட்டுவிட்டு இளம் டாக்டரிடம், முதுகைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டார். அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வரும் குரலுக்காக நான் காத்திருந்ததைப்போல, எந்தக் கலெக்டரின் உத்தரவுக்காகவும் காத்திருந்ததில்லை.

"சார், அக்கி மாதிரி இருக்குதுங்க" என்றார் நர்ஸம்மா. "தோள்பட்டைக்குக் கீழ, வரிசையா கொப்புளம் கிளம்புது."

இளம் டாக்டரும் போய்ப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். அவளால் தன் முதுகைப் பார்க்க முடியாது. பார்க்கக்கூடிய நான் பார்க்கவில்லை. அக்கி நரம்பின் வழியே முதுகிலிருந்து முன்னால் வரும், ஒரு பக்கத்தோடு நின்றுகொள்ளும், கொப்புளம் வருவதற்கு முன்பே வலி வந்துவிடும் என்று இருதய டாக்டர் விளக்கினார். என்றாலும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இருக்கச் சொன்னார். நியாயம்தான். ஆவணத்தைப் பார்க்காமல் கோப்பை மூடக்கூடாது.

மதியத்துக்கு மேல் முடிவு வந்தது. இருதயத்தில் ஒன்றுமில்லை. நான் நின்றபடியே கேட்டுக்கொண்டு, பிறகு அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மகன் சொன்னான். அம்மா பரவுது என்றதும் மாமா ஞாபகம் வந்துவிட்டது, கைக்கு வந்ததைத் தட்டி அனுப்பிவிட்டேன் என்றான். அவனுக்காக ஒரு பெரிய உரை தயாராக வைத்திருந்தேன். போய்ச் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

மனைவிக்கு அந்த ஆங்கிலம் எதுவும் விளங்கியிருக்கவில்லை. "பெரிய டாக்டரு இன்னாதான் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அக்கிதானாம்."

"அக்கிக்கா இத்தினி இங்கிலீசு?" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் காலையிலிருந்து அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்பினோம். கச்சிராயபாளையம் வருவதற்கு முன் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தச் சொன்னேன். எதிரே மலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. கார்க்காரர் அக்கிக்குக் காவி எழுதுகிறவர் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காருக்குள்ளேயே உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தாள். பாதியில் டம்ளரைத் தாழ்த்தினாள்.

"வலிக்குதுங்க."

என் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. "எங்க?"

"அதே எடந்தான்" என்றாள். விரலை எடுத்து நெஞ்சின் நடுவுக்குச் சற்று முன்னால் வைத்துக் காட்டினாள். "தாண்டல."

இன்னொரு டீ சொன்னேன்.