முழு மனதுடன்

என் கதையின் முதல் பிரதியில் என் அறைத்தோழன் எதையும் திருத்தவில்லை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான். கரையோர வீடுகளை இடித்து, மீனவக் குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பியதைப் பற்றிய கதை. பட்டினப்பாக்கத்தில் அவன் வீடும் அப்படிப் போனதுதான். தி.நகரில் வேலை, புது வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்பதால் சைதாப்பேட்டையில் என்னோடு தங்கியிருந்தான். அவனைவிட நல்ல வாசகன் எனக்கு எங்கே கிடைப்பான்? பாராட்டப்போகிறான் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“இன்னா மச்சி, ஒரே சத்தமா கீது? புல்டோசர் கத்துது, போலீஸ் கத்துது, கடலும் கத்துது. வூட்டுக்காரன் உள்ள இன்னா நெனச்சான்னு ஒரு வரி இல்லியே?”

“இடிக்க வர்றவன எதிர்க்கிறான். அதுதானடா மோதலே?”

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னான். இடிப்பதற்கு முன் ஒரு படிவம் வந்ததாம். ‘முழு மனதுடன் காலி செய்யச் சம்மதிக்கிறேன்’ என்று அதில் அச்சிட்டிருந்ததாம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவிடம், இடிக்கக் கூடாது என்று கொடுக்கிற மனு இது என்று சொல்லிக் கைநாட்டு வாங்கியவன் இவன்தான். வீட்டில் கழிவறை இல்லாமல், வெளியே போகத் தங்கை இருட்டும்வரை காத்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. அவளுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டியிருந்தது. அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. அதிகாரிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நம்புகிறார்.

“அவரு அவங்கள திட்டுவாரு மச்சி. நானும் கூட உக்காந்து திட்டுவேன்.”

எனக்கு வருத்தம் வரவில்லை. உடம்பெல்லாம் பரபரத்தது. புல்டோசர் வாசலில் நின்றால் அது வெறும் செய்தி. அது வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே ஒருவன் அப்பாவின் பக்கத்தில் நின்று கோஷம் போட்டால், வெளியே விழுகிற ஒவ்வொரு அடியும் உள்ளேயும் விழும். இத்தனை நாள் எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று! “எழுதட்டுமாடா?” என்றேன். கொடியில் போட்ட சட்டையை எடுத்து உதறி மறுபடியும் போட்டான். “பேர மாத்திக்கோ” என்றான் கடைசியில். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேரை மாற்றினேன், கரையை மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. வலைக்கயிறு இழுத்ததில் அவன் அப்பாவுக்குக் கைநாட்டு வைக்கிற இடது கட்டைவிரலின் நுனி போயிருந்தது. அதனால் படிவத்துக்கு வலது கட்டைவிரலில் மை தடவியிருந்தான் மகன். அப்படிப்பட்ட விவரத்தை எந்த எழுத்தாளன் விடுவான்? கதை பத்திரிகையில் வந்தது. அண்ணனின் சிநேகிதன் எழுதியது என்ற பெருமையில் தங்கை அதை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்திருக்கிறாள். விரல் வந்த இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டதாம். மகன் அப்படிச் செய்தது தங்கைக்காகத்தான் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. அப்பா, மேலே படி என்றாராம்.

அறையைவிட்டுப் போகும்போது அவன் என்னைத் திட்டக்கூட இல்லை. வீட்டுக்கும் போகவில்லை. எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. மயிலாப்பூரில் சனிக்கிழமைதோறும் கதை எழுதப் பழகுகிறவர்களோடு உட்காருகிறேன். இந்தக் கதையைத்தான் விளக்கச் சொல்கிறார்கள். உள்மோதல், வெளிமோதல் என்று மூச்சுவிடாமல் பேசுகிறேன். பிறகு நடந்ததை மட்டும் சொல்வதில்லை.

கதை வந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அடுக்குமாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா பத்திரிகையை நீட்டினார்.

“நீ எய்துனத நீயே படி நைனா, கேக்கறேன்.”

படித்தேன். கைநாட்டு இடம் நெருங்கியதும், எப்படியாவது அவனைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு வேகம். மகன் இருந்த இடத்தில் ஓர் அதிகாரியை வைத்து, தடுமாறாமல் கடைசிவரை படித்துவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா படிச்சப்போ இப்டி இல்லியே நைனா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீயும் மாத்திப் படிக்கிறியா?”