மெயின்டனன்ஸ் கணக்கில் ஒரு வரலாற்றுப் பட்டதாரி

1. முதல் நாள்

“சாப்டீங்களா?” என்றுதான் லோகேஸ்வரி முதலில் கேட்டாள். இல்லை என்றேன். மேசை டிராயரைத் திறந்து ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

“சாப்டுங்க. என் வேலைய எடுக்க வந்தவங்க பசியோட எடுக்கக் கூடாது.”

கிள்ளான் நகரில் ஒரு டயாலிசிஸ் நிலையம் அது. நான் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எந்த நோயாளிக்கு எந்த ஷிப்ட், எந்த நாற்காலி, எந்த வேன் என்பதை லோகேஸ்வரி நாள் முழுவதும் ஃபோனில் பேசிப் பேசி முடிவு செய்துகொண்டிருந்தாள். அந்த வேலையை இனி ஓர் ஆப் செய்ய வேண்டும். ஆப்பை எழுத வேண்டியது நான். என்ன எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியது லோகா.

நிலையத்தின் மேனேஜர் கணேசன் எதையும் மறைத்துப் பேசாதவர். எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தே விஷயத்தைச் சொன்னார்.

“லோகா, ஒரு மாசம் டெஸ்ட் ரன். ஆப் ஓடுச்சுன்னா உன் கான்ட்ராக்ட் அதோட முடியுது. ஓடலன்னா இன்னொரு வருஷம் போட்டுத் தரேன். பெர்சனலா எடுத்துக்காத லா.”

“எடுத்துக்கல பாஸ்.”

லோகா வரலாறு படித்தவள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், தற்காலிகமாக இங்கே வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கம்போங் மேடான் ஃபிளாட்டில் அவளும் அம்மாவும். வாடகை இவள் சம்பளத்தில்தான் போகிறது. பட்டமளிப்பு விழா அன்று அவள் சித்தப்பா சொன்னாராம்: “ஹிஸ்டரி படிச்சா மியூசியத்துலதான் வேலை. அதுவும் கண்ணாடிக்கு உள்ள.” அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

2. காரணம் இல்லாத விதிகள்

அவள் சொல்லச் சொல்ல நான் பட்டியல் போட்டேன். பட்டியல் போடுவது என் தொழிலுக்கு முன்பே எனக்கு இருந்த பழக்கம். சிலவற்றை இங்கே தருகிறேன்.

அ. ஜவுளிக்கடை மைதீன் பாய்க்கு வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் மட்டும். ஜும்மாவுக்கு முன் அவர் மெஷினிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

ஆ. மிஸஸ் லீக்கு நாலாம் நம்பர் நாற்காலி கூடாது. அந்த எண் சாவைக் குறிக்கும் என்பது சீனர்களின் நம்பிக்கை.

இ. ஒரு நோயாளி இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை அவருடைய நாற்காலியைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுக்கக் கூடாது. புதிதாக வருபவருக்குக் கொடுக்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது.

ஈ. மணியம் அங்கிளையும் சிவலிங்கம் அங்கிளையும் ஒரே வேனில் ஏற்றக் கூடாது.

கடைசி விதிக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். மணியம் ஓய்வு பெற்ற லோரி டிரைவர். சிவலிங்கம் அவருடைய மனைவியின் அண்ணன். இருவருக்கும் ஒரே தாமான் குடியிருப்பில், ஒரே வரிசையில் வீடு. கோவில் கமிட்டித் தேர்தலில் மச்சானை எதிர்த்து நின்ற சிவலிங்கம் ஜெயித்துத் தலைவராகிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கணேசன் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். “மெடிக்கல் ரீசன் இருக்கா?”

இல்லாதவற்றை எல்லாம் அடித்தார். மைதீன் பாயின் விதி மட்டும் பிழைத்தது. “இது மதம். போர்டு வரைக்கும் போயிடும்” என்றார். மற்றவற்றையும் வைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொன்னதற்கு அவர் கொடுத்த பதிலை இன்றும் என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

“ஷாமினி, எல்லாருக்கும் எக்ஸெப்ஷன் குடுத்தா அது ஆப் இல்ல, இன்னொரு லோகா.”

3. திங்கட்கிழமை

டெஸ்ட் ரன் மாதத்தில் லோகாவுக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு: ஃபோனைத் தொடக் கூடாது. ஆப் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆக, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இவ்வளவு சுலபமான நிபந்தனை யாருக்கும் வாய்க்காது.

முதல் திங்கள் காலை. குறைந்த தூரம், குறைந்த பெட்ரோல் என்று கணக்குப் போட்டு, ஆப் மணியத்தையும் சிவலிங்கத்தையும் ஒரே வேனில் சேர்த்திருந்தது. கணக்கில் பிழை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வீடுதான். சிவலிங்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார். மணியம் வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேசை ஃபோன் அடித்தது. லோகா என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன்.

“யாரு நீங்க? ஆப்பா?” என்றார் மணியம்.

“ஆப்ப எழுதினவங்க, அங்கிள்.”

“அப்ப எழுதுனத அழிங்க.” வைத்துவிட்டார்.

டயாலிசிஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மெஷின்தான் சிறுநீரகம். வெள்ளிக்குப் பிறகு திங்கள்தான் அடுத்த முறை. வார இறுதியில் உடம்பில் நீர் ஏறியிருக்கும். அன்றைக்கு வராமல் போனால் நுரையீரல் வரை போய்விடலாம். காலியாக இருந்த நாற்காலியை நர்ஸ் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மீண்டும் ஃபோன் அடித்தது. இந்த முறை வேன் டிரைவர். காத்திருப்பதா, போவதா என்று கேட்டார். கொஞ்சம் நிற்கச் சொன்னேன். அவர் வைத்ததும் இன்னொரு அழைப்பு. மணியத்தின் மனைவியின் எண் அது என்று லோகா தலையை நீட்டிப் பார்த்துச் சொன்னாள். அது அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

லோகா தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். நான் பின்னால் போனேன்.

“அங்கிள், லோகா பேசுறேன். ஏன் ஏறல?”

ஸ்பீக்கரில் இல்லாமலே மணியத்தின் குரல் எனக்குக் கேட்டது. “அவன் உக்காந்த வேன்ல நான் உக்கார மாட்டேன்மா. செத்தாலும் பரவால்ல.”

“சரி அங்கிள். ஆனா நீங்க செத்தா மொத மாலை யாரு போடுவா? கமிட்டித் தலைவரு. இரங்கல் பேச்சும் அவர்தான் பேசுவாரு. மைக் புடிச்சா விடுவாரா?”

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது.

“... வேற வண்டி அனுப்பு.”

வேனைப் போகச் சொல்லிவிட்டு அடுத்து மைதீன் பாயை அழைத்தாள். அவருக்கும் காலை ஷிப்ட்தான். மகன் ஓட்டும் காரில் அந்த வழியாகத்தான் வருவார்.

“பாய், வர்ற வழியில மணியம் அங்கிள ஏத்திக்கிறீங்களா?”

“ஐயோ, அந்தாளு லோரிக்காரராச்சே. ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் என் மகனுக்குக் கியர் மாத்தச் சொல்லித் தருவாரும்மா. வண்டி ஆட்டோ கியர்!”

“ஃப்ரீ டிரைவிங் கிளாஸ்னு நெனச்சுக்கங்க பாய்.”

மணியம் வந்து சேர்ந்தார். காலும் முகமும் வீங்கியிருந்தன. மெஷினில் போட்டார்கள்.

படிக்கட்டிலேயே லோகாவிடம் கேட்டேன். “நீங்க பேசாம இருந்திருந்தா ஆப் இன்னைக்கே ஃபெயில் ஆகியிருக்கும். தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் எடுத்தீங்க?”

“அடிச்சிட்டே இருந்துச்சு லா.”

4. எல்லாம் பச்சை

அடுத்த இரண்டு வாரங்களும் படிக்கட்டு அவளுடைய அலுவலகமாக இருந்தது. மிஸஸ் லீயை நாலாம் நம்பரிலிருந்து ஏழாம் நம்பருக்கு மாற்ற, ஏழாம் நம்பர்காரரிடம், நாலில் உட்கார்ந்தால் டிவி நேராகத் தெரியும் என்று ஆசை காட்டினாள். ஆப்புக்கு இது எதுவும் தெரியாது. நோயாளி வந்தாரா, வந்தார் என்று மட்டும் பதிந்துகொண்டது. டேஷ்போர்டில் எல்லாக் கட்டங்களும் பச்சை.

கணேசன் அந்தத் திரையைப் படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். “நூறு பர்சென்ட் அட்டென்டன்ஸ்! லோகா இருந்தப்பகூட இவ்ளோ இல்ல.”

லோகா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கணேசனின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நடந்ததை வரிசையாக அவரிடம் சொன்னேன். அந்தப் பச்சை ஆப் போட்டதல்ல, படிக்கட்டில் போட்டது என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. யோசித்தார்.

“சரி. அப்ப அவ பண்றதயும் ஆப்ல போட்டுரு.”

போட்டேன். அவர் அடித்த விதிகளை எல்லாம் திரும்பச் சேர்த்தேன். ‘சேர்ந்து பயணம் செய்யக் கூடாதவர்கள்’ என்று தனிப் பக்கமே உருவாக்கினேன். லோகா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். எதையும் ஒளிக்கவில்லை. தன் வேலையைத் தானே மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது.

5. மூன்றாவது வேட்பாளர்

புதிய விதிகளோடு ஆப் சில நாட்கள் நன்றாக ஓடியது. லோகா படிக்கட்டுக்குப் போகவில்லை. வேலை விளம்பரங்கள் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

பிறகு ஒரு காலை மணியம் டயாலிசிஸ் அறைக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

“எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வேற வேற வேன்ல போடச் சொன்னது எவன்?”

“அங்கிள், நீங்கதான...”

“அது அப்ப! இப்ப எங்க மச்சான்கூட நான் பேச வேண்டியிருக்கு. வீட்டுல பேச முடியாது, பொம்பளைங்க காதுல விழும். வேன்லதான் பேசணும். பிரிச்சு வைக்கச் சொல்லி அந்தக் காண்டிராக்டர் உங்க ஆப்புக்குக் காசு குடுத்தானா?”

லோகாதான் எனக்கு விளக்கினாள். அடுத்த கமிட்டித் தேர்தலுக்கு ஒரு கட்டடக் காண்டிராக்டர் ஆள் சேர்க்கிறார். மணியம், சிவலிங்கம் இருவருக்கும் அவரைப் பிடிக்காது. ஆகவே மச்சான்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். விதி தலைகீழாகிவிட்டது. ஆப் மட்டும் பழைய சண்டையை விசுவாசமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அதே வாரத்தில் இன்னும் சில விதிகள் இப்படிக் காலாவதியாயின. கணேசன் என்னிடம் கேட்டார். “இதையெல்லாம் யாரு அப்டேட் பண்றது?”

அவரே திரும்பி லோகாவின் மேசையைப் பார்த்தார்.

6. தகுதி பொருந்தவில்லை

அவர் உண்மையாகவே முயன்றார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் தலைமையகம், ஆப் வாங்கிய பிறகு அந்த மேசைக்கு ஆள் எதற்கு என்று கேட்டது. அந்த மேசை ஒழிக்கப்பட்டுவிட்டது. காலியாக இருந்த ஒரே இடம் ‘சிஸ்டம் அட்மின்’. லோகா அதற்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாள். ஒரு தே தாரேக் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: தகுதி பொருந்தவில்லை. பட்டம் என்ற இடத்தில் ‘வரலாறு’ என்று இருந்தால் அந்த போர்ட்டல் மேலே படிக்காது. அதுவும் ஓர் ஆப்தான். நல்ல வேளை, எழுதியது நாங்கள் இல்லை.

“ஒண்ணும் பண்ண முடியலம்மா,” என்றார் கணேசன். கான்ட்ராக்ட் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. லோகா மேசை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் எங்கள் முதலாளி தேவகி மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“ஆள் எடுக்கத்தான காசு இல்ல? சாஃப்ட்வேர் மெயின்டனன்ஸுக்கு?”

“அதுக்குத் தனி பட்ஜெட் இருக்கு மேடம். கேள்வியே கேக்க மாட்டாங்க.”

“அப்ப அவள நாம எடுத்துக்குவோம். நம்ம ஸ்டாஃபா அதே எடத்துல உக்காரட்டும். என்ன படிச்சிருக்கா?”

“வரலாறு.”

“நல்லதாப் போச்சு. நடந்தது என்னன்னு நாலு பேர விசாரிச்சு, யாரு பொய் சொல்றான்னு கண்டுபுடிக்கிற ஆளு நம்மகிட்ட ஒருத்தரும் இல்ல. ஆனா பில்லுல சப்போர்ட் இன்ஜினியர்னு போடு. அப்பதான் கையெழுத்துப் போடுவான்.”

கணேசன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். லோகாவின் பழைய சம்பளத்தைவிட அது கணிசமாக அதிகம். அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. “மெயின்டனன்ஸ்தான, போட்டுத்தான் ஆகணும்” என்றார். திங்கட்கிழமை லோகா அதே ஃபோனை எடுத்தாள். எழுந்து படிக்கட்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

மணியம் நாற்காலியில் படுத்தபடியே கூப்பிட்டார். “ஏம்மா, இன்ஜினியர் ஆயிட்டியாமே? இந்த மெஷின் கடமுடன்னு சத்தம் போடுது, வந்து பாரு.”

“அது வேற இன்ஜினியர் அங்கிள்.”

“அப்ப நீ எதுக்கு இன்ஜினியர்?”

“உங்களுக்குத்தான்.”

7. கற்றுக்கொண்டது

கலைப் பட்டதாரிகளுக்கு வேலை இல்லை என்று சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில் வேலை இருக்கிறது. அதை யாரோ ஒருவர் ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில், கான்ட்ராக்டில் செய்துகொண்டும் இருக்கிறார். அதற்கு ஒரு பெயர் இல்லை, பட்ஜெட்டில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். ஆகவே நேர்காணலுக்குப் போனால், இந்த வேலைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று கேட்காதீர்கள். இந்தச் சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று விசாரியுங்கள். பிடிக்காத தலைப்பாக இருந்தாலும் அதன் கீழே போய் உட்காருங்கள். இது நியாயமான அறிவுரை இல்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது இதுதான்.

லோகா படித்த பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை சென்ற மாதம் அவளைப் பேச அழைத்தது. வரலாறு படித்துத் தொழில்நுட்பத் துறையில் சாதித்த முன்னாள் மாணவி என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “அக்கா, எந்தக் கோடிங் கோர்ஸ் பண்ணீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“கோர்ஸ் ஒண்ணும் பண்ணல. நாலு வருஷம் ஃபோன் எடுத்தேன்” என்றாளாம் லோகா.

அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாணவர் எழுந்து, பைத்தான் மட்டும் போதுமா, ஜாவாவும் படிக்க வேண்டுமா என்று கேட்டாராம்.