கரிக்குழிக்குப் பக்கத்தில்

எங்கள் எஹலியகொடைப் பக்கம் மழை ஓயாது. போடுகிற உரத்தையெல்லாம் ஓடைக்கு அனுப்பிவிடும். உரத்தைப் பிடித்து வைக்க மண்ணில் உயிர்க்கரி கலக்க வேண்டும் என்று விவசாய உத்தியோகத்தர் ஒருவர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து செய்து காட்டினார். குழி தோண்டி, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியை, அதாவது மிலாறை, அடுக்கடுக்காகப் போட்டு எரிக்க வேண்டும். சாம்பலாகும் முன்னே தண்ணீர் ஊற்றி அணைத்து, கரியைச் சாணியில் ஊறவைத்துப் பாத்தியில் கலக்க வேண்டும். நானும் வாசலில் குழி தோண்டி, என் கத்தரிப் பாத்திக்குச் செய்தேன். கத்தரி தழைத்தது.

எரியும்போது குழியை விட்டு நகர முடியாது. பலகை போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் புகையைப் பார்த்து நின்றார்கள்.

“என்னக்கா, மிலாற அடுப்புல வைக்காம குழியில போடுறீங்க? பைத்தியம் பிடிச்சிருச்சா?”

“ஆமா, உங்களுக்கும் பிடிக்கும். உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். கணவர் இறந்து, மகனும் கொழும்போடு தங்கிவிட்ட பிறகு என் வாசலில் ஆட்கள் உட்கார்ந்தது அன்றுதான். சும்மா இருந்தால் யார் நிற்பார்கள்? சுகமா என்று கேட்டுக்கொண்டே நடந்துவிடுவார்கள்.

பிறகென்ன, வாரம் தவறாமல் தீ மூட்டினேன். மண் கேட்டதோ இல்லையோ, எனக்கு வேண்டியிருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது கத்தரிக்கும் தெரிந்திருக்கிறது. இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மறுபடி வந்த உத்தியோகத்தர் தலையில் கை வைத்தார்.

“இவ்வளவு கரியா? மண்ணோட புளிப்பே போயிருக்கும், செடி சத்தை எடுக்காது. இனி குழிப் பக்கமே போகாதீங்கம்மா.”

எனக்குக் கத்தரியைப் பற்றிக் கவலையில்லை. இனி யாரோடு பேசுவேன் என்பதுதான் கவலை.

குழியை மூடினேன். அன்று மாலை, “இன்னைக்குத் தீ இல்லையாக்கா?” என்று கேட்டபடியே பெண்கள் நடந்தார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை. உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன்.

வெளியே வந்தால், லயத்தின் கடைசிக் காம்பிரா வீட்டில் தனியாக இருக்கும் அக்கா நிற்கிறார், தலையில் ஒரு கட்டு மிலாறோடு. குழியருகே அதிகம் பேசாமல், எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருப்பவர்.

“மண்ணுக்குக் கரி போதுமாம்க்கா. இனி எரிக்க வேணாமாம்.”

அவர் கட்டை இறக்கவில்லை.

“எங்க வீட்டுப் பின்னால கொஞ்சம் மண்ணு சும்மா கெடக்கு. கரி போட்டா ஏதாவது வருமா?”

அங்கே இருப்பது வெறும் பாறை. இருவருக்கும் தெரியும்.

“வருங்கக்கா,” என்றேன்.