தண்ணீர் சிந்தும் இடம்

லுக்குட்டிலிருந்து பகாவுக்குப் போகிறேன். குறுக்கு வழி என்று நம்பி நுழைந்த செம்பனைத் தோட்டத்து மண்ரோட்டில், என் மோட்டார் சைக்கிள் ஒரு குழியில் இறங்கி நின்றுவிடுகிறது. பக்கத்துக் குழியில் ஐம்பது வயது ஆள் ஒருவர் கல் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணே, ஆள் புடிக்கக் குழி வெட்டுறீங்களா?"

"வெட்டல லா, மூடுறேன். குழி இருந்தா ஸ்கூல் வேன் உள்ள வராதாம். நாளைக்கு வேன்காரர் வந்து பாப்பாரு. அவரு மாட்டேன்னுட்டா ஒம்பது பிள்ளைங்க வீட்டுலதான்."

"அதுல உங்க பிள்ளை எத்தன?"

"எனக்குக் கல்யாணமே ஆகல."

"அப்ப வேன்ல நீங்க படிக்கப் போறீங்களா?"

சிரிக்கிறார். பிறகு என் வண்டியைக் குழியிலிருந்து தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, தன் மோட்டாரில் என்னைப் பின்னால் ஏற்றி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பிஸ்கட் டின்னை என் மடியில் வைக்கிறார். தண்ணீர் சிந்துகிற இடத்தில் இன்னும் குழி இருக்கிறது என்பது அவர் கணக்கு. அங்கே நிறுத்துகிறார், கல்லைப் போட்டு மண்வெட்டியால் தட்டுகிறார், மறுபடி ஓட்டுகிறார். மடியிலிருந்து முழங்கால்வரை என் சிலுவார் நனைந்துவிடுகிறது.

நாலாவது நடையில், பிள்ளைகள் இருக்கும் லயத்து வீடுகள் வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"பாத்தியா தம்பி!"

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அண்ணே, டின்னுல பாதித் தண்ணிதான இருக்கு. எப்படிச் சிந்தும்?"

டின்னை எட்டிப் பார்க்கிறார். பைப்படிக்குப் போய், விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டுகிறார்.

"ஏறு தம்பி. மொதல்லேருந்து."