பெரிய நாற்காலியில் உட்கார்ந்து செத்தேன்

என் சாவுச் செய்தியை நானேதான் ஊருக்கு அனுப்பினேன். வேண்டுமென்று அல்ல, மடத்தனத்தால். அதுவும் குடும்ப வாட்ஸப் குரூப்பில். "செத்தாலும் என் கட்டை நம்ம ஊர் மண்ணுலதான் வேகணும்" என்று வருஷக்கணக்காகப் போனில் வசனம் பேசியவன் நான். அது நடக்குமா என்று உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கனடாவில் நான் குடியிருக்கும் சின்ன ஊரின் நுழைவில், ரோட்டோரம் ஒரு மர நாற்காலி நிற்கிறது. சாதாரண நாற்காலியின் அச்சு அசல்தான், உயரம் மட்டும் மாடி வீட்டளவு. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். யாருக்கு வழி சொன்னாலும் "நாற்காலி தாண்டி இடப்பக்கம்" என்பார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் டேவ் என்பவரிடம், "எந்தத் தலைவர் உட்கார்ந்தது?" என்று கேட்டேன். "யாருமில்லை. சும்மா பெரிசு, அவ்வளவுதான்" என்றார். எங்கள் ராமநாதபுரம் பக்கம் இந்த அளவில் ஒரு நாற்காலி காலியாக நின்றால் இந்நேரம் ரெண்டு கட்சி மோதியிருக்கும் என்றேன். ஏதோ விளையாட்டுப் போட்டி என்று நினைத்துக்கொண்டு, "யார் ஜெயிப்பார்கள்?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

என் ஐம்பதாவது பிறந்தநாள் அக்டோபர் குளிரில் வந்தது. காலையில் கோயிலில் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். ஏரிக்காற்று காதை அறுத்தது. வெள்ளைத் துண்டை நாடிக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். வெயில் குத்தியதால் கண்ணை மூடினேன். என் மனைவி தன் போனை வீட்டில் விட்டு வந்ததால், ஏணியில் நின்றபடி என் போனிலேயே நெருக்கமாகப் படம் எடுத்தாள். நாற்காலியின் பிரமாண்டம் படத்தில் விழவில்லை, நான் மட்டும் விழுந்தேன். குரூப்பில் படத்தைப் போட்டேன். கீழே ஒரு வரி எழுதுவதற்குள் குளிரில் போன் அணைந்துவிட்டது. சரி, பிறகு பார்க்கலாம் என்று டேவ் வீட்டில் கேக் வெட்டப் போய்விட்டோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இறந்தவரைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, வாய் திறக்காமலிருக்க நாடியோடு சேர்த்துத் துணி கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார்த்தி வாசலில் வைப்போம். வருகிறவர்கள் கடைசியாக முகம் பார்ப்பார்கள். நான் ஒரு முறையையும் விட்டுவைக்கவில்லை.

வீடு திரும்பி போனுக்கு உயிர் வந்ததும் உச்சிப்புளியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அடித்தேன். அக்கா புருஷன் எடுத்தார். பின்னால் ஒப்பாரி கேட்டது.

"யாருய்யா அது?"

"நான்தான் மச்சான். கனடாலருந்து."

மச்சான் ஒப்பாரியை மீறிக் கத்தினார்.

"ஏலே, ஒன்னய நெனச்சுத்தான் இங்கன மாருல அடிச்சுக்கிட்டு கெடக்காக. முதுகுளத்தூர்லருந்து ஒரு வேன் சனம் வந்து எறங்கிருச்சு. பந்தக்காரன் கம்பு ஊனிட்டான். இப்பப் போயி உசுரோட இருக்கேங்குற?"

சாகாததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"வந்தவுகளுக்கு நான் என்ன பதிலச் சொல்ல?" என்று வைத்துவிட்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. அத்தனை பேர் கூடியிருக்கிறார்கள். என்னை ஊருக்குக் கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருப்பார்களே, என்ன முடிவு செய்தார்கள்? போனில் கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர், "செத்தவருக்குச் சீனி தூக்கலா ஒண்ணு போடு" என்று மாஸ்டருக்குக் குரல் கொடுத்தார். வீட்டில் பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை, நேராகக் கொல்லைப்பக்கம் போனேன். அக்கா, புதுமடத்திலிருந்து வந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கி என்னய இங்கன கொண்டாரணும்னு பேசுனீகளா?"

"பேசுனாக. ஒன் மச்சான் கொண்டாந்தே தீரணும்னு குதிச்சாரு. நான்தான் அங்கனயே எரிச்சிரச் சொன்னேன்."

"ஏன்க்கா?"

அவள் கை நிற்கவில்லை.

"உசுரோட வந்தாலே பத்து நாளு தங்க மாட்டேங்குற. செத்து வந்து என்னடா பண்ணப் போற?"