முட்டிக்குள் ஒரு பை

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் அவரை எல்லோரும், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்று பேச்சு. இருபத்தாறு வருஷத் தொழில். இடது முட்டியை ஊன்றி, ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பதித்து, பின்பக்கமாகவே நகர்வார். “இவர் முன்பக்கமா நடந்து நான் பார்த்ததே சாப்பாட்டுக்குக் கூப்பிடறப்பதான்” என்று மனைவி கேலி செய்வாள்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் வேலை நடந்தபோதுதான் இடது முட்டிச் சில்லின் மேல் எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. தொட்டால் கொழகொழவென்று இருந்தது. பெரிய வலி இல்லாததால் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு ஒரு நாள் உடைந்த டைல்ஸ் துண்டு அதே இடத்தில் கீறியது. சிமெண்ட் கையாலேயே துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். இரண்டு நாளில் முட்டி சிவந்து கொதித்தது.

மனைவி பார்த்துவிட்டாள். “இது முட்டியா பலூனா? எத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கீங்க?” என்று கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். “தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பை இருக்கு. ரெண்டும் உரசாம இருக்கத்தான் அது. தினமும் அது மேலயே பாரத்தைப் போட்டா வீங்கி நீர் கோத்துக்கும்.”

“எல்லாரும்தான் மண்டி போடறாங்க. எனக்கு மட்டும் ஏன்?”

“எத்தனை வருஷமா அதே முட்டி? வயசும் அம்பதைத் தாண்டிடுச்சு. சர்க்கரை வேற. அதுக்கு மாத்திரையும் ஒழுங்கா போடறதில்லை. இப்போ கீறல் வழியா கிருமியும் போயிருக்கு. எல்லாம் ஒண்ணா சேர்ந்துக்கிச்சு.”

ஊசி வழியாகக் கலங்கிய நீரை எடுத்தார். ஆறு வாரம் மண்டி போடவே கூடாது என்றார்.

“மண்டி போடாம தரை எப்படி டாக்டர் போடறது?”

டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதினார்.

பள்ளிக்கூடத் திறப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. கூட வேலை செய்த மச்சினன், மனைவியின் தம்பி, தனியாகப் பதித்துக்கொண்டிருந்தான். இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார். ஜன்னல் ஓரம் ஒரு வரிசை விரல்கடை விலகிப் போனது.

“வரிசைக்குக் கட்டின நூலைப் பாருடா!”

“பாத்துட்டேன் மாமா, சரியாதான் இருக்கு.”

சரியாக இல்லை. நாற்காலியில் இருந்தபடி அதை எப்படிச் சரிசெய்வது? இறங்கிவிட்டார். நான்கு டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதித்தார். ஒரு மணி நேரம்தான்.

அந்த வாரமே முட்டி மறுபடி சீழ் பிடித்து, குளிர் காய்ச்சல் தூக்கிப்போட்டது. அந்தப் பையையே அறுத்து எடுத்தார்கள். சர்க்கரையால் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. நடக்கிறார், படி ஏறுகிறார். முட்டியைத் தரையில் ஊன்றினால் மட்டும் முள்ளில் வைத்த மாதிரி உயிர் போகிறது. வழக்கமாக வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரி பார்க்க வந்து “உடம்பைப் பாத்துக்குங்க” என்றார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

இப்போது ஒரு டைல்ஸ் கடையில், எந்த அறைக்கு எது ஒத்துவரும் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறார். போன வாரம் மச்சினன் சாமான் வாங்க அங்கே வந்தான். நின்றபடியே இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“பேண்டைத் தூக்கு.”

“ஒண்ணுமில்ல மாமா.”

“தூக்குடா.”

திராட்சை அளவுக்கு ஒரு வீக்கம்.

“இன்னைக்கே டாக்டரைப் பாரு.”

“உங்களுக்குச் சர்க்கரை மாமா. எனக்கு அதெல்லாம் இல்லை. இந்த மாடி முடியட்டும், போறேன்.”

அலமாரியில் இருந்த முட்டி உறையை எடுத்துக் கையில் திணித்தார். “வேர்த்து வழுக்கும் மாமா” என்றான். ஆனாலும் அவர் மனம் கோணக் கூடாதென்று வாங்கிக்கொண்டான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். “உன் தம்பிதானே, நீ சொன்னா கேப்பான்.”

“என்னன்னு சொல்ல? நீயும் வேலையை விட்டுட்டு உக்காருன்னா? அவன் பொண்டாட்டி முகத்துல நான் முழிக்க வேணாமா?”

மறுநாள் கடையிலிருந்து மச்சினனுக்கு ஃபோன் போட்டார். டைல்ஸ் அறுக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவன் கத்தினான்: “மண்டி போட்டு உக்காந்திருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன்!”

டாக்டரைப் பார்த்தாயா என்று இவர் கேட்பதற்குள் ஃபோன் கட்டாகிவிட்டது.