ஒட்டி வந்த சீட்டு

எங்கள் பள்ளியில் விவாத மன்றத்துக்கு மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் 'வெட்டி மன்றம்'. தலைப்பை ஆதரித்துப் பேசினால் ஒட்டி, எதிர்த்துப் பேசினால் வெட்டி. எல்லோரும் கபடி, கேரம் என்று ஓடும்போது நாங்கள் நாலைந்து பேர் காலி வகுப்பில் உட்கார்ந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருப்போம். பெயர் இரண்டு அர்த்தத்திலும் பொருந்தியது. எனக்கு அதில் வெட்கமே இல்லை. பதினோராம் வகுப்பில் என்னிடம் இருந்த ஒரே சொத்து வாய்தான்.

அந்த வாயை எங்கள் தெருவும் நம்ப ஆரம்பித்திருந்தது. பட்டாபிராமில் ரயிலை விட்டிறங்கி, புது அடுக்குமாடிகளைத் தாண்டி, தார் ரோடு முடிந்த பிறகும் நடந்தால் எங்கள் தெரு வரும். நாங்கள் அதை ஏரிக்கரை என்போம். அதிகாரிகள் ஏரி என்றே சொன்னார்கள். அந்த மாதம் வந்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயின்டில் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எண் விழுந்த வீடுகளை இடித்துவிடுவார்கள். பதிலுக்கு, மூன்று பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஓர் அடுக்குமாடியில் இடம் தருவார்களாம். இடிப்பை நிறுத்தச் சொல்லி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதென்று முடிவானது. மனு கொடுத்தால் போதாது, யாராவது பேசவும் வேண்டும்.

"ஆபீசரப் பாத்தாலே எனுக்கு நாக்கு ஒட்டிக்கும்மா. நீ பேசு" என்றார் அப்பா.

எதிர்வீட்டு அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்களுக்கு உறவில்லை. ஆனால் தெருவில் எந்தச் சண்டையும் அவர் வாசலுக்குப் போகாமல் தீராது. "ஊட்ல வாய் பேசறது வேற, சபைல பேசறது வேற. சனிக்கெழம என்னவோ போட்டின்னியே, நானே வந்து கேக்கறேன். அப்பால சொல்றேன், நீயா, வேற ஆளான்னு."

அந்தப் போட்டி, பள்ளிகளுக்கு இடையிலான விவாதத்தின் இறுதிச் சுற்று. அம்பத்தூரில் ஒரு பெரிய பள்ளியின் ஏசி அரங்கம். அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் வந்திருந்தார். அப்பா குளிருக்குக் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மேடைக்குக் கீழே நின்று இருவருக்கும் கையாட்டினேன். அப்போதுதான் தலைப்பை அறிவித்தார்கள்: நீர்நிலைகளை ஆக்கிரமித்த வீடுகளை அகற்றுவது சரியே.

எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டெடுத்துத்தான் முடிவு செய்வார்கள். வெட்டி வந்தால் போதும். திங்கட்கிழமை பேசவேண்டியதை இங்கேயே ஒத்திகை பார்த்துவிடலாம். வெட்டி, வெட்டி என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே அணியில் என் ஜோடி சீட்டை எடுத்துப் பிரித்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், தொழிற்சாலை ஊழியர் மகள்.

"ஒட்டி! லட்டு மாதிரி வந்திருக்குடி! வெள்ளம், நிலத்தடி நீர்னு அடிச்சா ஜட்ஜு கரைஞ்சிடுவாங்க."

தயாரிப்புக்குக் கொடுத்த அறையில் அவள் குறிப்பு எழுதினாள், நான் எழுதவில்லை. பள்ளியில் யாருக்கும் என் தெரு தெரியாது. கேட்டால் பட்டாபிராம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

"நான் பேசலடி. முடியாது."

"என்ன, பயமா? உனக்கா?"

"எங்க வீடு அங்கதான் இருக்கு. ஏரியில. இடிக்கப் போறாங்க. அப்பா வந்திருக்காரு."

அவள் பேனாவை மூடினாள். எழுந்து, போட்டியை நடத்தும் மிஸ்ஸிடம் ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். சீட்டை மாற்ற முடியுமா, எதிரணி ஒத்துக்கொண்டால்கூட முடியாதா என்று மாறி மாறிக் கெஞ்சினோம்.

"சீட்டு சீட்டுதாம்மா. ரெண்டு பேரும் பேசலன்னா அணியே கிடையாது. போய் உக்காருங்க."

திரும்பி நடக்கையில் அவள் சொன்னாள்: "சுமாரா பேசிட்டு வா. தோத்தா தோத்துட்டுப் போறோம். கப் கிடக்குது."

சுமாராகப் பேசுவது என்றால் எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோசமாகப் பேசினால் அத்தை வேறு ஆளைத் தேடுவார், தெருவில் வேறு ஆள் இல்லை. நன்றாகப் பேசினாலோ, என் வீட்டை நானே இடிப்பேன்.

முதலில் அவள் பேசினாள். பிறகு எதிரணிப் பையன். கணீரென்ற குரல், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. "மின் இணைப்பு கொடுத்தீர்கள். ரேஷன் அட்டை கொடுத்தீர்கள். வாசலுக்கு வந்து வாக்கும் கேட்டீர்கள். அப்போதெல்லாம் ஏரியாகத் தெரியாத இடம், இன்று மட்டும் ஏரியா?"

அது எங்கள் மனு. ஏறக்குறைய வரிக்கு வரி, அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய மனு. கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கைத்தட்டல் முந்திக்கொண்டு கேட்டது.

"நல்லா கேட்டான் பாரு அந்தப் புள்ள!" அத்தையின் குரல். சுற்றிலும் சிரித்தார்கள்.

கடைசியாக மறுப்புரை என்னுடையது. மைக் முன்னால் நின்றபோதுகூட வெள்ளம், நிலத்தடி நீர் என்று ஏதாவது ஒப்பித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். பதில் தெரிந்துவிட்டால் என்னால் வாயை மூட முடியாது. அது ஒரு வியாதி.

"மின்கம்பம் நட்டுவிட்டால் தண்ணீர் தரையாகிவிடாது, நண்பரே. ஒவ்வொரு மழைக்கும் அங்கே கட்டில் காலுக்குக் கீழே செங்கல் அடுக்குகிறார்கள். அடுப்பைத் தூக்கி அந்தக் கட்டில்மேல் வைக்கிறார்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்தை அரிசிச் சாக்கோடு சேர்த்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அவர்களை அங்கேயே விட்டுவைப்பது கருணை என்கிறீர்கள். தண்ணீருக்குள் ஒருவரை நிற்கவைத்து, இதுதான் உன் வீடு என்று சொல்வதா கருணை?"

முன்வரிசையில் நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மேலே என்ன பேசினேன் என்று நினைவில்லை. மணி அடித்தது. ஜெயித்துவிட்டோம் என்று அறிவிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையின் கைகள் மடியில் கிடந்தன. அப்பா மட்டும் தட்டினார். யாருக்குத் தட்டுகிறோம் என்று தெரியாத மாதிரி, மெதுவாக.

கப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வா என்று ஜோடி என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அம்பத்தூரில் மூவரும் ரயிலேறி உட்கார்ந்தோம். திருமுல்லைவாயல் தாண்டியதும் அத்தை என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று குனிந்துகொண்டேன்.

"நீ சொன்னதத்தான் அந்த ஆபீசரும் திங்கக்கெழம சொல்லுவாரு. இப்ப நம்ம பக்கம் பேசு, கேப்போம். நான் ஆபீசரு."

"எங்க எல்லாருக்கும் வேலை இங்கதான் சார். அங்கேர்ந்து எப்படி வர்றது?"

"பஸ் உட்றோம்மா. தண்ணில கெடக்கறதுக்கு பஸ்ல வர்லாம்ல?"

"பிள்ளைங்க ஸ்கூல்..."

"அங்கியும் ஸ்கூல் கீது. புக்க சாக்கோட கட்டித் தொங்கவுட வேணாம்."

எதிர் சீட்டில் இருந்தவர் போனைத் தாழ்த்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். அத்தைக்கு ஆபீசர் வேடம் பயங்கரமாகப் பொருந்தியது. நான் எதை எடுத்தாலும் என் வாக்கியத்தாலேயே வெட்டினார். ரயில் அண்ணனூர் பணிமனைக்குப் பக்கத்தில் சிக்னலுக்கு நின்றது. வெளியே ஆளில்லாத ரயில்கள் வரிசையாக நின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே தேடினேன். எத்தனையோ தலைப்புக்கு இரண்டு பக்கமும் பேசியவள். இதற்கு மறுபக்கம் வரவேயில்லை.

"அது எங்க வீடு சார்" என்றேன் கடைசியாக.

"அதத்தான் இல்லன்றோம்."

சொல்லிவிட்டு அத்தையே வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஆபீசர் காணாமல் போய்விட்டார்.

"போதும் உடுக்கா, கொழந்த" என்றார் அப்பா.

"கொழந்தன்னா எப்டி? வேற யார் கீறாங்க நமக்கு?"

பட்டாபிராமில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. படியில் என் கால் தடுமாறியது. அத்தை என் கையிலிருந்ததைப் பிடுங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"கப்ப நான் எத்தினு வர்றேன். நாளைக்கு ஒரு நாளு கீதில்ல? நீ யோசிச்சிகினே நட."